ட்ரம்முக்குள் இருந்த தேதி

அறுபதுகளின் கடைசியில் இலங்கை மலையகத்தில், பதுளையில் பாண்ட் வாத்தியங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ராக்கம்மா அக்கா, இறந்துபோன கணவரின் பழைய சைட் ட்ரம்மைக் கொண்டுவந்தார். பித்தளை வளையத்தைப் புளி போட்டு விளக்கினேன். தோலைக் கழற்றி, உள்பக்க மரம் வெளுக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்தேன். அங்கிருந்த பென்சில் கிறுக்கல்கூட மிஞ்சவில்லை.

தோலை மாட்டுவதற்கு முன் அவரிடம் பெருமையாகக் காட்டினேன்.

"பளபளன்னு இருக்கே தம்பி! அப்படியே உள்ள எழுதியிருக்கிறதப் படிங்க. மக பொறந்த தேதி. லயத்து வீட்டுக் கூரை ஒழுகி காயிதம் நனைஞ்சிரும்னு அவரு அதுலதான் எழுதி வச்சாரு. வேற எங்கயும் பதியல. இந்தியாவுக்குப் போறதா, இங்கயே இருக்கிறதான்னு கேக்குற பிரஜாவுரிமைப் பாரத்துல அதப் போடணும்."

"அழிச்சிட்டேன்க்கா."

அவர் ட்ரம்முக்குள் விரலை விட்டுச் சுற்றிலும் தடவினார். நெடுநேரம் தடவினார்.

"ஏழாம் நம்பர் மலையில தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டுனப்ப பொறந்தா. அதச் சொன்னா பாரம் வாங்குற கந்தோருல ஒத்துக்குவாங்களா? நீங்களே ஒரு தேதி போடுங்க. அழிச்ச கைதானே."

அழித்த இடத்திலேயே பென்சிலால் ஒன்று போட்டேன்.

அந்தப் பெண் இக்கரையில் இருக்கிறாளோ, கப்பலேறி அக்கரை போனாளோ, தெரியாது. வருஷா வருஷம் அந்த நாள் வரும்போது, நான் நினைத்துப் போட்ட தேதியில் ஒருத்திக்கு வயது கூடுகிறது என்று திடுக்கிடுகிறேன்.