நொட்டாங்கைப் பிசாசுகள்

நான் பார்த்த முதல் பிசாசுக்கு ஓடும்போதே வால் கழன்று விழுந்தது. அது திரும்பி வந்து, குனிந்து வாலை எடுத்து, இடுப்பில் செருகிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஒரு கிழட்டு வைத்தியரைத் துரத்த ஆரம்பித்தது. பயாஸ்கோப் கூடாரத்தில் இருந்தவர்கள் அலறினார்கள். எனக்கோ அந்தப் பிசாசின் மேல் பிரியம் வந்துவிட்டது. படம் எடுத்தவன் நினைத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்திருக்கலாம். எறியாமல் விட்டானே, அவன் யோக்கியன். இது வேஷம்தான் என்று அவனே ஒப்புக்கொண்டுவிட்டான்.

பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டு இப்படியொரு பிரியத்தை வளர்ப்பது லேசான காரியமில்லை. பிசான நெல் அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும், பாலத்துக்கு அந்தப் பக்கம் கூடாரம் அடித்து பயாஸ்கோப் காட்டுவார்கள். அதற்கு முந்தின ஞாயிறே எங்கள் குருவானவர் பிரசங்கத்தில் அதைப் பிடித்துக்கொள்வார். அது சாத்தான் விரித்த வேட்டி என்பார். சாத்தான் அதில் வருகிறான் என்பது வாஸ்தவம். வால் கழன்று விழுகிற சாத்தானைக் கண்டு எவன் கெட்டுப்போவான் என்பது என் கட்சி. அந்தக் கட்சியை வாய்விட்டுச் சொன்னால் வேலை போய்விடும் என்பதால் மனசோடு வைத்துக்கொண்டேன்.

அதனால் நான் எப்போதும் பின்பக்கம்தான் உட்காருவேன். கூடாரத்தின் நடுவே திரையைக் கட்டி, ஆட்டத்துக்கு முன்னால் அதன்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். நனைந்த துணியில் படம் ஊடுருவி மறுபக்கமும் தெரியும். இயந்திரம் இருக்கிற பக்கம் பெஞ்சு, நாற்காலி, வக்கீல்மார், டவுனில் இருந்து வருகிற பிள்ளைமார். பின்பக்கம் வெறும் மண். மூட்டை தூக்குகிறவர்களும் வண்டிக்காரர்களும் அங்கே காலை நீட்டிக்கொண்டு பார்ப்பார்கள். சபையைச் சேர்ந்த ஒருத்தரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார் என்பதால் எனக்கு அது சௌகரியம். ஒரே குறை, எல்லாம் இடம் வலமாகத் தெரியும். எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரித் திரும்பிக் கிடக்கும். பிசாசு சூலாயுதத்தை இடது கையில் பிடித்திருக்கும், ராட்சசன் இடது கையால் ஆளை எடுத்து வாயில் போடுவான். எனக்குப் பழக்கமானதெல்லாம் நொட்டாங்கைப் பிசாசுகள்தான்.

எந்தப் படம் நல்ல படம் என்று என்னைக் கேட்டால், கயிறு தெரிகிற படம் என்பேன். ஒரு கடல்பூதம் வரும். சாக்குத் துணிக்குள் இரண்டு ஆட்கள். முன்னங்கால் கிழக்கே போனால் பின்னங்கால் மேற்கே இழுக்கும், நடுவில் பூதத்தின் வயிறு பாவம் கிழியப்பார்க்கும். ஒரு வைத்தியர் நோயாளியின் தலையைக் கழற்றி அலமாரியில் வைப்பார், அது அங்கிருந்து அவரையே ஏசும். காகிதத் தலை என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். இப்படிப்பட்ட படங்களைக் கழிசடை என்று நினைத்தவர்களை நான் மனுஷராக மதித்ததில்லை. அவர்களுக்குப் பிடித்ததெல்லாம் ராஜாக்கள் குதிரை வண்டியில் போவதும் படைகள் நடப்பதும்தான். அதற்குப் பேர் 'மெய்க்காட்சி'. அதைப் பார்ப்பதற்குப் பதில் நான் பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாளைப் பார்ப்பேன்.

ஒரு வருஷம், ஆண்களுக்கு மட்டும் என்று சொல்லி, எங்கேயோ ஒருவனைத் தூக்கிலிட்ட மெய்க்காட்சி காட்டினார்கள். தொங்கியவனின் வயிறு மூச்சுக்கு ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். பக்கத்தில் இருந்த வண்டிக்காரர் பார்க்கவில்லை. மண்ணில் முகத்தை வைத்து அழுதார். நான் தோளைத் தொட்டு, "அண்ணாச்சி, அவன் மூச்சு விடுதான் பாரும்" என்றேன். அவர் நிமிரவே இல்லை. அன்றிலிருந்து பொய்ப் படத்தை விட, மெய் என்று சொல்லிக் காட்டுகிற படத்துக்குத்தான் எனக்குப் பயம்.

என் அக்காவுக்கு இந்தக் கிறுக்கெல்லாம் தெரியும். "பேய்க்கு வாக்கப்பட்டவன்" என்று என்னைக் கேலி செய்வாள். அப்போது அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அத்தான் ரங்கூனில் ஒரு அரிசி ஆலைக்கு வேலைக்குப் போனவர். கொஞ்ச நாள் சேதி வந்தது, பிறகு நின்றது. பல வருஷம் கழித்து அங்கிருந்து திரும்பிய ஒருத்தர், ஆலைக் கூலிகள் தங்கும் லயத்தில் காலரா வந்தபோது அவரும் போய்விட்டார் என்று சொன்னார். உடலைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அக்கா தாலியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள்.

பிறகு முக்கூடலில் இருந்து ஒரு வாத்தியார் பெண் கேட்டு வந்தார். மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். குருவானவர் வெகுநாள் யோசித்துச் சம்மதித்தார். எங்கள் ஆட்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லலாம் என்று சபைக்கு முன்னால் கேட்பதுதான் ஓலை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவது எங்கள் குருவானவரின் வழக்கம். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. அக்கா பல வருஷத்துக்குப் பிறகு கண்ணாடி முன்னால் நின்று தலை வாருவதைப் பார்த்தேன்.

மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் அவளே கேட்டாள்.

"ஏலே, நீ போற அந்தப் பேய்க்கூத்த நானும் ஒரு தடவ பாக்கணும். கல்யாணம் ஆனா முக்கூடல்ல விடுவாவளோ என்னமோ."

விளக்கு வைக்கிற நேரம் அவளைக் கூட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன். முக்காடு போட்டுக்கொண்டு பின்பக்கம் என்னோடு மண்ணில் உட்கார்ந்தாள். வால் பிசாசு வந்ததும் வாயைப் பொத்திச் சிரித்தாள். எனக்கு ஏக சந்தோஷம். அடுத்தாற்போல் ஒரு மெய்க்காட்சி போட்டார்கள். ஏதோ ஒரு துறைமுகம். கப்பலில் இருந்து நம்மவர்கள் மாதிரி ஆட்கள் இறங்கினார்கள். ஒருத்தன் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முகம் மறைய நடந்து போனான். தும்மி முடிக்கிற நேரம்கூட இருக்காது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"அவியதாம்லே," என்றாள்.

அத்தானைத்தான் சொல்கிறாள் என்று புரிந்தது. எத்தனையோ பேர் போனார்கள், முகமும் தெரியவில்லை, ஏக்கத்தில் ஏதோ தோன்றியிருக்கும், விடிந்தால் தெளிந்துவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் குருவானவர் ஓலையை வாசித்து, தடை உண்டா என்று கேட்டு, வழக்கம்போல் அடுத்ததற்குப் போகப் பார்த்தார். பெண்கள் பக்கத்தில் அக்கா எழுந்து நின்றாள். கல்யாணப் பெண்ணே எழுந்து தடை சொன்னதை அந்தக் கோயில் அதற்கு முன்னால் கண்டதில்லை.

"ஐயா, என் வீட்டுக்காரவ உசுரோட இருக்காவ. நான் பாத்தேன்."

ஆராதனை முடிந்து உள்ளறையில் விசாரணை. எங்கே பார்த்தாய் என்று கேட்டார்கள். பயாஸ்கோப்பில் என்றாள். குருவானவர் கண்ணை மூடித் திறந்தார். எப்படி அடையாளம் தெரிந்தது என்று கேட்டார்.

"நொட்டாங்கையால பெட்டியத் தூக்கி இடது தோள்ல வச்சாவ. இம்புட்டு சனத்துல வேற யாரு அப்படித் தூக்குதாவ? திருவிருந்துல அப்பத்துக்கு இடது கைய நீட்டி உங்ககிட்ட ஏச்சு வாங்கினது மறந்துட்டா ஐயா?"

நான் குறுக்கே பாய்ந்தேன். நாங்கள் பின்பக்கம் இருந்து பார்த்தோம், அந்தப் பக்கம் எல்லாருக்கும் கை மாறித்தான் தெரியும், அந்த மனுஷன் வலது கையால்தான் தூக்கியிருக்கிறான் என்று அங்கேயே சொன்னேன். துணி, தண்ணீர், வெளிச்சம் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அவர்கள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்.

"நீருமா அங்கன போனீரு?" என்றார் குருவானவர்.

அக்காவும் நம்பவில்லை. பேயையும் பூதத்தையும் பார்த்துப் புத்தி கெட்டவன் பேச்சு என்று தள்ளிவிட்டாள். நெல்லைச் சீமையிலேயே அந்தத் துணியை என்னளவுக்குப் பார்த்தவன் ஒருத்தன் இருந்திருக்கமாட்டான். சாட்சிக்கு மட்டும் நான் ஆகாதவன் ஆகிப்போனேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

முக்கூடல் வாத்தியார் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அவரிடமும் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"கை எதுவா இருந்தா என்னவே. உம்ம அக்கா மனசு அங்கன இருக்கு. நாம பிடிச்சு இழுக்கக் கூடாது."

குடையை எடுத்துக்கொண்டு பைய நடந்து போய்விட்டார். மழைக்காலத்துக்குள் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. என்னைக் கொஞ்ச காலம் திருவிருந்தில் சேர்க்காமல் விலக்கி வைத்தார்கள். வேலை மட்டும் போகாமல் தப்பியது. அக்கா பெட்டியில் இருந்து தாலியை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் இதே வழக்குதான். ரங்கூனில் இருந்து யார் திரும்பினாலும் அக்கா போய் விசாரித்துவிட்டு வெறுங்கையோடு வருவாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "கண்ணால கண்டதும் பொய்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்று கத்திவிட்டேன்.

அவள் லேஸ் பின்னுகிற ஊசியைக் கீழே வைக்கவில்லை. "காதால கேட்டதும் பொய்னுதானலே சொல்லியிருக்கு. அவிய செத்தாவன்னு நாம காதாலதானே கேட்டோம்?"

அடுத்த கோடையில் அதே கூடாரம் ஏரலில் இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். படங்களும் பழையவையே என்றார்கள். ஏரலில் எங்கள் சித்தி இருந்தாள். முன்பக்கம் உட்கார்ந்து ஒரு தடவை பார், அதற்குப் பிறகு நான் வாயைத் திறப்பதில்லை என்று அக்காவிடம் சொன்னேன். யோசித்துவிட்டு வந்தாள்.

முன்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கே அது புதுசு. வால் பிசாசு வலது கையில் சூலாயுதத்தோடு வந்தது. பழகின ஆள் யாரோ மாதிரி நடந்துகொண்டதுபோல் இருந்தது. அக்கா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு துறைமுகம். படம் தேய்ந்து மழை பெய்கிற மாதிரிக் கோடு விழுந்திருந்தது. அந்த ஆள் வந்தான். குனிந்தான். வலது கையால் பெட்டியைத் தூக்கி வலது தோளில் வைத்துக்கொண்டு, நேராக நடந்து போனான்.

சொன்னேனா இல்லையா என்று கேட்கத்தான் ஒரு வருஷமாகக் காத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். நான் எதற்கு ஜெயித்தேன் என்றுதான் இருந்தது. முக்கூடலும் இல்லை, ரங்கூனும் இல்லை. அவளிடம் இருந்தது அந்த நொட்டாங்கை ஒன்றுதான். அதையும் நான் வண்டி கட்டிக் கூட்டிவந்து பறித்தேன்.

ஆட்டம் முடிந்து சனங்கள் எழுந்து போனார்கள். கூடாரத்து ஆள் வாளியோடு வந்து அடுத்த ஆட்டத்துக்காகத் திரையில் தண்ணீர் தெளித்தான். அக்கா எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு ஆட்டம் உண்டாலே?"

"உண்டுக்கா."

"அந்தப் பக்கம் போயி இருப்போம்."

திரையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனோம். துணியில் இருந்து சொட்டிய தண்ணீரில் மண் நனைந்து கிடந்தது. சேலையைக்கூட ஒதுக்காமல் அதில் உட்கார்ந்தாள். பிசாசு வந்தது, இடது கையில் சூலாயுதத்தோடு. வால் விழுந்தது, எடுத்துச் செருகிக்கொண்டது. நான் அதைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பல் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள்.

"அந்தா பாரு, நொட்டாங்கை," என்றாள். "தெரியுதுல்லா?"

"ஆமாக்கா," என்றேன். "அத்தான்தான்."