ராக்கம்மாளின் காமாலை

கல்லூரியில் எந்த முகாம் என்றாலும் நதியாவைத்தான் கூப்பிடுவார்கள். ரத்த தானம், மரம் நடுதல், எதற்கும் ஆள் சேர்த்துவிடுவாள். நட்ட மரங்கள் பிழைத்ததாகத் தகவல் இல்லை. குழுப் படத்தில் மட்டும் ஒருவரும் குறைந்ததில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை மாணவிகளுக்கு இலவசமாகப் போட ஒரு சங்கம் முன்வந்தபோதும் பேராசிரியை நேரே அவளிடம்தான் வந்தார்.

சரியான ஆளைத்தான் பிடித்தார். நதியாவின் அம்மா ராக்கம்மாள் இறந்ததே அந்த நோயில்தான்.

ராக்கம்மாள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். துணியைக் குழல் விளக்கடியில் விரித்தால் கடுகளவு ஓட்டையும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தனக்கு நாள் தவறி ரத்தம் பட்டபோது மட்டும், "சூடுதாம்ட்டி. நாள் பூரா நின்னுல்லா வேல பாக்கேன்" என்று மோரில் வெந்தயம் போட்டுக் குடித்தாள். கம்பெனியில் பாதிப் பெண்களுக்கு அதே வைத்தியம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் முற்றியிருந்தது.

அந்த இடத்து நோய் என்றால் பெண்ணின் நடத்தையில்தான் ஊர் காரணம் தேடும். அதனால் அப்பா ராக்கையா, கேட்டவர்களிடமெல்லாம் "மஞ்சக் காமாலை" என்றார். மகளும் அதையே பிடித்துக்கொண்டாள். காமாலை மரியாதையான நோய். யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை.

இப்போது வகுப்பில் எழுந்து பேச வேண்டியிருந்தது. "இந்த வைரஸ் எப்படிப் பரவுதுன்னா..." என்று தொடங்கியதுமே கடைசி பெஞ்சில் சிரிப்பு. நதியாவுக்கு முகம் சுட்டது. "கல்யாணத்துக்கு முன்னாடி போட்டுக்கிட்டா நல்லது" என்று முடித்து உட்கார்ந்துவிட்டாள்.

பொய் இல்லை. எவ்வளவு நாகரிகமாகச் சொன்னாள் என்று பேராசிரியைகூட மெச்சினார். அந்த நாகரிகம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. கல்யாணம் என்று காதில் விழுந்துவிட்டால் மீதி வாக்கியம் யாருக்குத் தேவை?

முதலில் பேர் கொடுத்தவள் தோழி ஜனனி. அவள் அப்பா மகுடேஸ்வரன் முதலிபாளையத்தில் பனியன் யூனிட் வைத்திருப்பவர். மறுநாளே கல்யாணத் தரகர் திருமூர்த்தி அங்கே போய் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, ஒரு வார்த்த சொல்லாம முடிச்சுப்போட்டீங்களே. மாப்பிள்ள எந்த ஊருங்க?"

"எதைங்க முடிச்சோம்?"

"கண்ணாலம் முடிவான பிள்ளைகளுக்குத்தானுங்களே காலேஜ்ல ஊசி போடறாங்க. ஊரே பேசுதுங்க."

மகுடேஸ்வரன் நதியாவுக்குப் போன் செய்தார். குரலில் கோபமே இல்லை, அதுதான் சங்கடம்.

"தப்பா நெனச்சுக்காத கண்ணு. நம்ம ஜனனி பேர எடுத்துப்போடு. நாலு பேரு விசாரிக்க வர்ற நேரம். கண்ணாலத்துக்கப்புறம் அவிங்க ஊட்ல பாத்துக்குவாங்க."

எங்கம்மா இதுலதானுங்க செத்தாங்க. நாக்கு நுனி வரை வந்த அந்த ஒரு வரியை விழுங்கிவிட்டு, "சரிங்க" என்றாள் நதியா.

ஜனனி விலகியதும் மற்றவர்களும் வரிசையாக விலகினார்கள். முகாமன்று வந்த பெண்களைவிட வாங்கி வைத்த வடை அதிகம். தடுப்பூசி வந்த ஐஸ் பெட்டி ஏறக்குறைய வந்த கனத்தோடு வண்டியேறிப் போனது.

சாயங்காலம் பஸ்ஸில் ஜனனி கேட்டாள்: "நீ மட்டும் ஏண்டி போட்டுக்கிட்ட? உனக்கு ஏதாச்சும் எடம் பாத்திருக்காங்களா?"

நதியா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "எங்கம்மாவுக்கு வந்தது காமாலை இல்லடி" என்றாள். மீதியையும் சொன்னாள்.

 ஜனனி, "இத நேத்து சொல்லியிருந்தா எங்கப்பாகிட்டச் சண்ட கட்டியாவது வந்திருப்பேன்" என்றாள். "உங்கம்மா குடுத்தனுப்பின சோத்தப் பாதிக்குப் பாதி நான்தான தின்னேன்."

"இப்பவும் ஆஸ்பத்திரில போட்டுக்கலாம்டி."

"யாரு கூட்டிட்டுப் போவா? நீயா?"

திருமூர்த்தி அலைச்சலை வீணாக்குகிறவர் அல்ல. அடுத்த தையில் ஜனனிக்கு நிஜமாகவே மாப்பிள்ளை கொண்டுவந்துவிட்டார். விசாரிப்பு, ஜாதகம், ஜவுளி எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஊசி மட்டும் நடக்கவில்லை.

கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஜனனியின் அத்தை பிரியமாக விசாரித்தார்: "உங்கம்மா என்னாகிச் செத்தாங்க கண்ணு?"

"கர்ப்பப்பை வாய்ல புத்துநோய்ங்க."

அத்தை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"மெதுவாச் சொல்லு கண்ணு" என்றார்.