காலையில் மட்டும் கிளம்பாத கார்

எங்கள் கவரைப்பேட்டைத் தெருவில் கார் ஓட்டுகிற ஒரே பெண் மெர்சிதான். அவள் புருஷன் யேசுதாஸ் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை செய்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்ச் சேர்ந்தார். விட்டுப்போனது நான்கு கை மாறி வந்த ஒரு சின்ன கார். மெர்சி அழுது முடித்த கையோடு லைசென்ஸ் எடுத்தாள். கும்மிடிப்பூண்டி ஒயர் கம்பெனிக்குக் காலை ஷிப்டு போகும் எங்கள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு, தானும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள்.

ஆனால் கார் முதல் நாளிலிருந்தே மக்கர். விடிகாலையில் சாவியைத் திருப்பினால் இருமிக்கொண்டே இருக்கும், லேசில் கிளம்பாது. ஆறு மணிக்குள் கேட்டுக்குள் நுழையாவிட்டால் அன்று வேலை இல்லை. மூன்று முறை திரும்பி வந்தோம். இன்னொரு முறை தாமதமானால் நால்வரும் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

மெர்சி பேட்டரியை மாற்றினாள், பிளக்கை மாற்றினாள். மத்தியானம் மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனால், சூடான கார் நல்ல பிள்ளையாகக் கிளம்பும். "உனக்குத்தான் ஓட்டத் தெரியலம்மா" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பக்கத்துத் தெருவில் லோகு இருக்கிறான், கெட்டிக்கார மெக்கானிக். அவனிடம் மட்டும் மெர்சி போகமாட்டாள். அவன் யேசுதாஸின் கூட்டாளி; புருஷனின் ரகசியம் எல்லாம் தெரிந்தும் மறைத்தவன் என்று கோபம்.

அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. யேசுதாஸ் தினமும் விடிகாலையில் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே தனியாக உட்கார்ந்திருப்பார். தலை குனிந்திருக்கும், உதடு அசையும். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து அதைப் பார்த்த நான்தான், "உன் ஊட்டுக்காரரு காத்தாலயே யாருகிட்டயோ போன்ல பேசிக்கினு இருக்காரு மெர்சி" என்று பற்ற வைத்தேன். அவள் கேட்டதற்கு அவர், "சும்மாதான் குந்திக்கினு இருந்தேன்" என்று மழுப்பினாராம். அதிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. நான்கு மாதம். சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், பேச்சு மட்டும் இல்லை. அப்படியே அவர் போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் நானே போய் லோகுவைக் கூப்பிட்டேன். "நான் வர்ற வரிக்கும் யாரும் சாவியத் தொடக்கூடாது. வண்டி ஆறிக் கெடக்கணும்" என்றான். மறுநாள் ஐந்து மணிக்கு வந்தான். விளக்கைப் போட்டான், பளிச்சென்று எரிந்தது, பேட்டரியில் குறையில்லை. இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குழாயைக் கழற்றினான். ஒரு சொட்டுகூட வரவில்லை.

"அதே பழைய வியாதிதான்க்கா. பம்புல வால்வு போயிடுச்சி. வண்டி நின்னா பெட்ரோல் டேங்குக்கே திரும்பிடுது. சாவிய ஆன் பண்ணா பின்சீட்டுக்குக் கீழ பம்பு முனகும். முனகல் நின்னதும் ஆஃப் பண்ணுங்க. அஞ்சு தரம் எண்ணிக்கினே பண்ணா பெட்ரோல் ஏறிடும், அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க."

"பழைய வியாதியா? இன்னா சொல்ற?" என்றாள் மெர்சி.

"ரெண்டு வருசமா இருக்குதுக்கா. அண்ணனுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஓட்டை வண்டி வாணாம்னு நீங்க சொல்லியும் வாங்கிட்டாராம். தெரிஞ்சா சிரிப்பீங்கன்னு மறைச்சிட்டாரு. கம்பெனி சத்தத்துல காது மந்தம் வேற. கண்ணாடிய ஏத்திக்கினு குனிஞ்சாதான் பம்பு சத்தம் அவருக்குக் கேக்கும்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

மெர்சி காருக்குள் ஏறினாள். உள்ளே உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றினாள், தலையைக் குனிந்தாள். வெளியே நின்ற எனக்கு அவள் உதடு அசைவது தெரிந்தது. ஐந்தாவது முறைக்குப் பிறகு கார் சட்டென்று கிளம்பியது.

ஏறி உட்கார்ந்தோம். அவள் வண்டியை எடுக்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"கடைசி நாளுகூட, போய்ட்டு வர்றேன்னாரு சுமா. நான் திரும்பிப் பாக்கல."

"என் வாய்தான் மெர்சி..." என்று ஆரம்பித்தேன்.

"நீ எதிர்வூட்ல இருந்து பாத்த. நான் வாசக்கதவாண்டயே நின்னுக்கினு இருந்தேன். பத்தடிகூட இல்ல. ஒருநாளு போயி கண்ணாடியத் தட்டியிருந்தா தொறந்திருப்பாரு."

கியரைப் போட்டாள். அன்று ஐந்தே முக்காலுக்கே கம்பெனி வாசலில் நின்றோம்.