நாற்பத்தோரு ஆள் உயரம்

கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துப் படியுங்கள். ஆறு மாதமாகத்தான் எழுதக் கற்றுக்கொள்கிறேன். ஒரு வரி முடிவதற்குள் கை வலிக்கிறது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

போன மாதம் ஒரு காலையில் பருத்திக் காட்டில் நின்றபோது கருப்பையா அண்ணாச்சியின் மகள் போனில் கூப்பிட்டாள். "மாமா, அப்பா எந்திரிக்கல" என்றாள். அண்ணாச்சி வெட்டிய கிணறுகளில் தண்ணீர் இறைத்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், எங்கள் ஊர் மொட்டைப் பாறைமலையின் உயரத்தை அவள் போனில் பார்த்துச் சொன்னாள். கடல் மட்டத்திலிருந்து அளந்ததாம்.

"கடலு இங்கன எங்க கெடக்கு, ஏட்டி? அடிவாரத்துல நிக்கவன் ஏறுத உசரத்தைச் சொல்லு" என்றார் அண்ணாச்சி.

கிணற்றின் ஆழத்தை ஆள் கணக்கில் சொல்பவர் அவர். "மலைன்னா என்ன, கவுத்துப் போட்ட கெணறுதான" என்று தன் கண் உயரத்துக்கு ஒரு கம்பு வெட்டினார். கம்பை ஊன்றி, நுனியில் கண் வைத்து மட்டமாகப் பார்ப்பார். சரிவில் பார்வை படும் இடத்துக்கு ஏறி, மறுபடி ஊன்றுவார். ஓர் ஊன்றலுக்கு ஓர் ஆள். ஒவ்வொன்றுக்கும் நான் துண்டில் ஒரு கல் போட வேண்டும்.

முந்தின நாள் மழை. என் காலெல்லாம் கரிசல் அப்பியிருந்தது.

"மண்ணைத் தட்டிட்டு ஏறும்வே. அடிவாரத்தையும் மேல கொண்டு வந்துட்டீருன்னா எங்க இருந்து அளக்க?"

பாதி மலையில் மணியாச்சிப் பக்கம் போகும் ரயிலை வேடிக்கை பார்த்தேன். துண்டு நழுவிக் கல் சிதறியது. அவர் மேலே கம்பை ஊன்றிக்கொண்டிருந்தார். கைக்குக் கிடைத்ததை அள்ளிப் போட்டேன். உச்சியில் எண்ணினால் நாற்பத்தொன்று. நோட்டில் எழுதிக்கொண்டார். அதன்பின் பார்த்தவரிடமெல்லாம், "நாப்பத்தோரு ஆளு. நாங்க ரெண்டு பேரும் அளந்தது" என்பார். எட்டு வருடம் நான் வாய் திறக்கவில்லை.

காரியம் முடிந்ததும் மகள் அந்த நோட்டைக் கொடுத்தாள். எழுத்துக் கூட்டி நானே படித்தேன்.

'நாற்பத்தொன்று. நடுவில் கல் சிதறியது. பார்த்தேன். சொன்னால் மறுபடி முதலிலிருந்து ஏறுவார். அவருக்கு முழங்கால் வலி. இருக்கட்டும்.'

முழங்கால் வலியை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

அந்தக் கம்பை வாங்கி வைத்திருக்கிறேன். அண்ணாச்சியின் கண் உயரம் அதில் அப்படியே இருக்கிறது. எனக்கு வாய் மட்டத்துக்குத்தான் வருகிறது. குனிந்துதான் பார்க்க வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை மலையை மறுபடி அளக்கப் போகிறோம்; கம்பு என் கையில், கல் அவர் மகள் கையில். கால் மண்ணைத் தட்டிவிட்டுத்தான் ஏறுவேன். எந்த எண் வந்தாலும் நாற்பத்தொன்றை அடிக்காமல் பக்கத்தில் எழுதுவேன். அடுத்த வாரம் உங்களுக்கும் எழுதுகிறேன்.