அம்மா இல்லாமல் சிங்கப்பூர்

கோவை விமான நிலையத்தின் இமிகிரேஷன் கவுண்டரில் நானும் எட்டு வயது மகளும் நிற்கிறோம். விவாகரத்துக்குப் பிறகு நாங்கள் இருவர் மட்டும் போகும் முதல் வெளிநாட்டுப் பயணம். அவள் அம்மாவின் சம்மதக் கடிதத்தை நீட்டுகிறேன். நோட்டரி முத்திரைகளோடு அது எங்கள் கல்யாணப் பத்திரிகையைவிடக் கனமாக இருக்கிறது.

பெண் அதிகாரி அதை ஓரமாக வைக்கிறார். "இது இருக்கட்டுங்க. அவங்களையே ஒரு வார்த்தை கேட்டுப்போடலாம்" என்று கடிதத்திலிருக்கும் எண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரை அமுக்குகிறார்.

போன வாரம்தான் மகளின் பள்ளிக்கூட விஷயமாக அவள் அம்மாவோடு சண்டை போட்டேன். இப்போது அவள் ஒரு 'வேண்டாம்' சொன்னால் போதும், டாக்சி பிடித்து வீடு திரும்ப வேண்டியதுதான்.

"அனுப்பிச்சு வைங்க மேடம்" என்கிறது அவள் குரல். "பாப்பா தைரியமாப் போயிருவா. அவருக்குத்தான் பிளேன் ஏறுனா வாந்தி வருமுங்க. மாத்திரை பாப்பா பையில வெச்சிருக்கேன், போட்டுக்கச் சொல்லுங்க."

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். "கேட்டுச்சுங்களா?" முத்திரை விழுகிறது.

குடும்ப நீதிமன்றத்தில் என் குறைகளை ஒன்றுவிடாமல் அடுக்கியவள், இந்த வாந்தியை மட்டும் அங்கே சொல்லாமல் நினைவில் வைத்திருந்திருக்கிறாள். மலைத்துப்போய் நிற்கிறேன்.

"உள்ள போலாங்கப்பா, பயப்படாதீங்க" என்று மகள் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.