மொத்தமாகவா, மாதாமாதமா

எங்கள் வீட்டுக்காரர் சங்ககிரிப் பக்கம் ஓர் அரசாங்க ஆலையில் ஃபிட்டராக இருந்தார். அவர் ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்தபோது, எழுபதுகளின் கடைசியில், மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வேலை முடிந்தபின் சாகும்வரை மாதாமாதம் பென்சன் வாங்கலாம். இல்லையென்றால் சேர்ந்த பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துக்கொள்ளலாம். ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் போட்டதுதான். பென்சன் என்றால் அவர் காலத்துக்குப் பின் எனக்கும் பாதி வருமாம். ஆக, என் கடைசிக்காலச் சோறு அவர் கையெழுத்தில் இருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்பார் யாருமில்லை.

ஆலையில் இரண்டு யூனியன். எங்கள் யூனியன் தலைவரும் இவரோடு வேலை பார்த்தவர்தான். நல்ல மனுஷன், வாய் மட்டும் ஊர்வரைக்கும் கேட்கும். ஆலைக் கேட் முன்னால், வீட்டுப் பெண்களும் வந்திருந்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம பணத்த அவங்க பொட்டியில வெச்சுப்போட்டு மாசாமாசம் போயி கையேந்தோணுமா? கவருமெண்டு இன்னைக்கு ஒண்ணு சொல்லும், நாளைக்கு ஒண்ணு சொல்லும். மொத்தமா வாங்கி லாரியில ஒரு பங்கு போடுங்க. ஒக்காந்து சாப்பிடலாம்!"

எங்கள் பக்கத்தில் இது புதுசில்லை. மாமன் மச்சான் நாலு பேர் சேர்ந்து காசு போட்டு லாரி எடுப்பதுதான் வழக்கம். கையில் காசு வைத்துக்கொண்டு லாரியில் பங்கில்லாதவனைச் சொந்தக்காரர்களே ஒரு மாதிரி பார்ப்பார்கள். மறுநாள் எதிர் யூனியன்காரர் அதே இடத்தில் நின்று, "லாரி கவுந்துரும், கவருமெண்டு எங்கயும் ஓடிப் போயிராது, பென்சன்லயே போடுங்க" என்று கத்தினார். இவர் பேச்சைக் கேட்டால் இவர் சொல்வது சரி, அவர் பேச்சைக் கேட்டால் அவர் சொல்வது சரி. எனக்குத் தலை கிறுகிறுத்தது.

அதற்கடுத்த நாள் எங்கள் தலைவர் மறுபடி கூட்டம் போட்டபோது நான் எழுந்து கேட்டுவிட்டேன். "ஏனுங்க, ஊட்டுக்காரரு பொசுக்குனு போயிட்டா எங்க கதி என்னுங்க?"

"பணம் உங்க கையில இருக்கும் அம்மணி. அப்பறம் எதுக்குப் பயம்?" என்றார். கூட்டம் கை தட்டியது. கேள்விக்குப் பதில் வந்ததா வரவில்லையா என்று புரியாமலே நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் பெண் எடுக்கலாமா கூடாதா, கிணறு வெட்டலாமா கூடாதா என்று முடிவு தெரியாவிட்டால் கோயிலில் பூ கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், சிவப்புப் பூ ஒரு பொட்டணம். வெள்ளைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று மனசுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். எது வருகிறதோ அது அம்மன் வாக்கு.

மறுநாள் இரண்டு அரளியும் பறித்துக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போனால், அடக் கடவுளே, எனக்கு முன்னால் நிற்பது எங்கள் தலைவர்! கண்ணை மூடிக் கை கூப்பியிருந்தார். பூசாரி பொட்டணத்தைப் பிரித்தார். வெள்ளை. தலைவர் அதைக் கண்ணில் ஒற்றித் துண்டில் முடிந்துகொண்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேற்று அத்தனை பேர் முன்னால் அடித்துப் பேசினவனுக்கு இன்றைக்கு இங்கே என்ன வேலை? இவருக்கே தெரியவில்லை என்றால் நம்மை எதை நம்பி இழுக்கிறார்? அதைவிடக் குழப்பம், வெள்ளைக்கு அவர் எதை நினைத்தார் என்பது. அது அவருக்கும் அம்மனுக்கும்தானே தெரியும். நான் கேட்டு எனக்குச் சிவப்பு வந்து தொலைத்தால்? அம்மனும் இரண்டு யூனியன் ஆகிவிடுவாளோ என்று பயந்து கேட்காமலே திரும்பிவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார்! "அப்ப கவலை உட்டுது புள்ள. அவரு எதுல கையெழுத்துப் போடறாரோ அதுதான் ஆத்தா வாக்கு. நாம தனியா எதுக்குக் கேக்கோணும்?" அது சரிதானே என்று எனக்கும் பட்டது.

தலைவர் மொத்தப் பணத்தில் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பின்னால் எங்கள் யூனியன் முழுக்கப் போட்டது. இவரும் போட்டார்.

பணம் வந்தது, இவருடைய பங்காளிகளோடு லாரியில் போட்டோம். முதல் வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஆந்திராவில் ஒரு பாலத்தடியில் கவிழ்ந்தது. ரிப்பேருக்குக் கடன், கடனுக்கு வட்டி, கடைசியில் வந்த விலைக்குத் தள்ளினார்கள். அந்த ஏக்கத்திலேயே இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். நான் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்குத் தோல் உரிக்கப் போனேன். எதிர் யூனியன்காரர் வீட்டுக்கு மாதாமாதம் பணம் வந்தது. அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

சில வருஷம் கழித்து ஒரு நாள் தலைவர் என் வீட்டு வாசலில் நின்றார். ஆள் பாதியாகியிருந்தார், அவருடைய பணமும் லாரியில்தான் போயிருந்தது. வேலையில் இருப்பவர்களுக்கு மறுபடி அதே மாதிரி ஓர் உத்தரவு வந்திருக்கிறதாம். "நாஞ் சொன்னா இனி எவன் கேப்பான்? நீங்க வந்து பென்சனுக்குப் பேசுங்க அம்மணி" என்றார்.

"அன்னைக்குக் கோயில்ல வெள்ளப்பூ வந்துச்சே. எதை நெனச்சுக் கேட்டீங்க?"

அவர் திடுக்கிட்டார். துண்டின் முனையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பென்சனத்தானுங்க."

"அடப்பாவி மனுசா! அப்பறம் எதுக்கு மொத்தப் பணத்துல போட்டீங்க?"

"மேடையில அத்தன பேசிப்போட்டனே. என்னைய நம்பி வந்தவங்கள உட்டுப்போட்டு நான் மட்டும் பென்சன்ல போடறதா? மனசு ஒப்புலீங்க."

திட்டுவதற்கு எவ்வளவோ வைத்திருந்தேன். இப்போது எதைச் சொல்லித் திட்டுவது? இவர் ஏமாற்றியவரா, சொன்ன சொல்லுக்காகத் தானும் கெட்டவரா? தெரியவில்லை என்ற ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் என் வீட்டுக்காரர் வேறு மாதிரி யோசித்திருப்பாரே! ஆனாலும் போகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். நடந்ததை நடந்தபடி சொல்வது, அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு போனேன்.

கேட் முன்னால் மைக்கில் லாரியைச் சொன்னேன், கிழங்கு உரிப்பதைச் சொன்னேன். கூட்டம் அசையாமல் கேட்டது. முடிக்கப்போகும்போது முன்னால் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், "ஏனுங்கக்கா, எங்க ஊட்டுக்காரருக்கு இன்னும் முப்பது வருசம் இருக்குதுங்க. அத்தன வருசம் கழிச்சும் கவருமெண்டு நெசமாலுமே குடுக்குமுங்களா?" என்று கேட்டாள்.

அது எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். அத்தனை முகங்களும் என்னையே பார்த்தன.

"குடுக்கும் சாமி. தைரியமாப் போடச் சொல்லு" என்றேன்.

கைதட்டலில் ஆலைக் கேட் அதிர்ந்தது. ஓரத்தில் நின்ற தலைவர் மட்டும் கை தட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.