தண்ணீர் கேட்காத செடிகள்

பெரிய காஞ்சிபுரத்தில் கண்ணாயிரத்தின் ஞாபகசக்தியைச் சந்தேகித்தவர் யாரும் இல்லை, அவர் மனைவி லோகாம்பாளைத் தவிர. என்றைக்கோ நெய்து கொடுத்த பட்டுச் சேலையின் முந்தியில் மயில் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்டால் தறியைவிட்டு எழாமலே சொல்வார். ஆனால் மகளின் பிரசவத்துக்காக லோகாம்பாள் ஓசூர் போயிருந்த சமயம், புழக்கடைக் குண்டுமல்லிக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும் அவர் நினைவில் தங்கவில்லை. அவள் தினமும் போனில் கேட்டாள். அவரும் தினமும் "ஊத்திட்டேன்" என்றார். முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. ஊற்ற வேண்டும் என்று மனதார நினைத்துக்கொண்டுதான் தறியில் உட்கார்ந்தார்; உட்கார்ந்தபின் மல்லிகையும் இல்லை, மனைவியும் இல்லை.

திரும்பி வந்த லோகாம்பாள் காய்ந்த குச்சியை ஒடித்துப் பார்த்தாள்.

"உங்கள நம்பி ஒரு புல்ல கூட உட்டுட்டுப் போவ முடியாது" என்றாள். அதோடு அந்த வழக்கு முடிந்தது என்று கண்ணாயிரம் நினைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டன. டயாலிசிஸ் தொடங்கியது. குடிக்கும் தண்ணீருக்கு டாக்டர் அளவு வைத்துவிட்டார். செடிக்குத் தண்ணீர் கொடுக்க மறந்த மனிதர், மனைவிக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பதை ஒரு நாளும் மறக்கவில்லை. சொம்பை ஒளித்துவைத்தார். அவள் குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்தார்.

"ஒரே ஒரு மடக்குங்க."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"தாகம் டாக்டருக்கா எடுக்குது?"

அவர் தறிக்குப் போய்விடுவார்.

அந்த ஆடி மாதத்தில்தான், வாசற்படி ஏறி இறங்கவே முடியாத நிலையில், லோகாம்பாள் புழக்கடையில் தோட்டம் போட வேண்டும் என்றாள். கண்ணாயிரத்துக்குச் சந்தோஷம். செடி வைக்க ஆசைப்படுகிறவள் பூ பார்க்கும்வரை இருப்பாள் என்று அவருக்கு ஒரு கணக்கு. நர்சரிக்கு அழைத்துப்போய் ரோஜாவையும் குரோட்டன்ஸையும் காட்டினார். நிறம் என்றால் அவருக்கு உயிர். அவள் எதையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள், பின்வீட்டு உம்முசல்மாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். தென்னேரி ஏரிக்கரையில் மழை ஈரத்தோடு தோண்டிய ஆவாரங்கன்றுகள், செம்முள்ளி, தரையோடு படரும் விஷ்ணுகிரந்தி, ஓரிக்கையில் பாலாற்றோரம் வெட்டிய நொச்சிக் குச்சிகள் என்று ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து இறக்கினாள்.

கண்ணாயிரம் சாக்கைக் கவிழ்த்துப் பார்த்தார். "ஆடு கூட வாய் வெக்காத செடியா பார்த்துப் பொறுக்கிக்கினு வந்துக்குற."

"அதான் எனக்கு வேணும்."

"ரோட்டோரம் சும்மா கெடக்குறதுக்கு ஆட்டோ வேற!"

"ரோட்டோரம் எவன் வந்து அதுக்கு ஊத்துறான்? நல்லாத்தானே இருக்குது."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவர் குழி வெட்டினார். அது களிமண் தரை. மணலும் செங்கல் தூளும் கலந்து மேடு கட்டச் சொன்னாள். வேரடியில் தண்ணீர் நிற்கக் கூடாதாம். எதை எங்கே நடுவது என்பதில் மட்டும் கண்ணாயிரம் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் ஆவாரையின் மஞ்சள், சுற்றிலும் விஷ்ணுகிரந்தியின் நீலம். மஞ்சள் உடலுக்கு நீலக் கரை.

"தோட்டத்துலயும் சேலதானா?" என்று சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

வேர் பிடிக்கும்வரை கை அளவு தண்ணீர் விடச் சொன்னாள். பிறகு அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டாள். ஐப்பசி மழையில் கன்றுகள் தளிர்த்தன. தை பிறந்ததும் ஆவாரை பூத்தது. ஜன்னலோரம் கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லி அவள் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மாசியில் இறந்துபோனாள். கடைசி நாளிலும் தண்ணீர் கேட்டாள். அன்றைய அளவு ஏற்கெனவே முடிந்திருந்தது.

காரியம் முடிந்து மகள் ஓசூருக்குக் கிளம்பிப் போன அன்று மாலை, கண்ணாயிரம் பாதி இழையில் தறியைவிட்டு எழுந்தார். குடத்தை நிரப்பினார். ஆவாரைக்கு ஒன்று, செம்முள்ளிக்கு ஒன்று, நீலக் கரை முழுவதற்கும் தாராளமாக. மறுநாள் காலையிலும் ஊற்றினார். வெயில் ஏற ஏற மத்தியானத்துக்கும் ஒரு நடை சேர்ந்தது. தெருவில் ஆச்சரியப்பட்டார்கள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் நேரத்துக்குத் திரும்பிவிடுகிறாராம்.

இலைகள் மஞ்சளாயின. அவருக்கு அதில் குழப்பமே இல்லை. நெசவில் அவர் அறிந்த சட்டம் ஒன்றுதான்: கோடையில் காற்று காய்ந்தால் பாவு இழை அறும்; தறிக்குழியில் நனைந்த சாக்கைப் போட்டால் அறுவது நிற்கும். வாடுகிற எதற்கும் ஈரம்தான் போதவில்லை. மஞ்சள் கூடக்கூட அவரும் குடத்தைக் கூட்டினார். மணல்மேடு கரைந்து களிமண்ணோடு களிமண்ணானது. முதலில் விஷ்ணுகிரந்தி அழுகியது. நீலக் கரை போயிற்று. அப்புறம் செம்முள்ளி அடித்தண்டில் கறுத்தது. நொச்சி மட்டும் ஆற்றங்கரையில் பிறந்ததாதலால் இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை.

சித்திரையும் வைகாசியும் தன் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்த உம்முசல்மா, கொல்லைக் கதவு வழியாக வந்தவள் சேற்றில் கால் வைத்து அப்படியே நின்றாள்.

"அல்லா! யாருண்ணே இவ்ளோ தண்ணி ஊத்துனது?"

"நான்தாம்மா." அவர் குரலில் பெருமை இருந்தது. "ஒரு வேள கூட உடல. ஆனாலும் போவுது பாரு. வெயில் அப்பிடி."

அவள் ஓர் ஆவாரஞ்செடியை லேசாக இழுத்தாள். வேர் நாற்றத்தோடு கையில் வந்தது.

"வெயில் இல்லண்ணே. நீங்கதான்." சொன்னபிறகு அவளுக்கே சங்கடமாகிவிட்டது. "அக்கா இதுங்கள எதுக்குப் பொறுக்குனாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அவளுக்குப் புடிச்சிது."

"அவங்களுக்கு ரோஜாதாண்ணே புடிக்கும். நர்சரில கண்ண வேற பக்கம் திருப்பிக்கினு நின்னாங்களாம். ஏரிக்கரையில எங்கிட்ட சொன்னாங்க, 'நான் போனப்புறம் அந்த மனுசன் தறியில உக்காந்தா எல்லாத்தையும் மறந்துடுவாரு. செடி காஞ்சிப்போவும். அப்புறம் அதப் பார்த்து ஒடஞ்சி போவாரு. அதனால அவரு மறந்தாலும் பொழைக்கிறதா பார்த்து வெச்சிட்டுப் போறேன்'னு."

கண்ணாயிரம் கையில் இருந்த குடத்தைப் பார்த்தார். அது நிரம்பியிருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாதவர்போலச் சுற்றிலும் பார்த்தார்.

"தண்ணி கேட்டாளேம்மா" என்றார். "கடைசி வரைக்கும் கேட்டுக்கினே இருந்தாளே."

உம்முசல்மா குடத்தை வாங்கிக் கல்லின்மேல் வைத்தாள்.

கல்யாணமான நாள் முதல் லோகாம்பாள் அவரைப் பற்றிச் சொன்ன எதுவும் தவறியதில்லை. ஒரே ஒரு தடவை தவறினாள். அவள் நினைத்தபடியே அவர் மறந்திருந்தால் தோட்டம் இருந்திருக்கும்.

நொச்சியைத் தவிர மிச்சம் ஓர் ஆவாரை நின்றது, இலை பாதி உதிர்ந்து. அதற்கு ஒரு சொட்டும் விடக் கூடாது, மண் காய வேண்டும் என்று உம்முசல்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"அப்போ நான் இன்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதீங்கண்ணே. சும்மா இருங்க."

தறியில் உட்கார்ந்த நாள் முதல் சும்மா இருந்து பழக்கமில்லாதவர் சும்மா இருந்தார். மாலையானால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு செடிக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். மண் மெல்ல வெளுத்தது, வெடிப்பு விட்டது. ஒரு கிளை முனையில் பச்சையாக ஏதோ தெரிவதுபோலவும் இருந்தது, தெரியாததுபோலவும் இருந்தது.

அந்த வாரமே, பருவத்துக்கு முன்னால், மழை வந்து கொட்டியது. ஊர் முழுவதும் குளிர்ந்தது. வெயிலில் வெந்திருந்த ஜனங்கள் வாசலில் இறங்கி நனைந்தார்கள். கொடியில் கிடந்த துணியை எடுக்கப் பின்பக்கம் வந்த உம்முசல்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

கண்ணாயிரம் ஒரு பிளாஸ்டிக் விரிப்பை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்து ஆவாரைக்குக் கூரையாக நின்றிருந்தார். வேட்டி உடம்போடு ஒட்டியிருந்தது.

"அண்ணே, மேல வர்றத தடுத்தா போதுமா? கீழ ஓடியாந்து சேருதே, பாருங்க! உள்ள போங்க."

அவர் குனிந்து பார்த்தார். நாலாபக்கமிருந்தும் மழைநீர் செடியடிக்கு வந்துகொண்டிருந்தது. விரிப்பைக் கீழே போட்டுவிட்டு முட்டிபோட்டு உட்கார்ந்தார். களிமண்ணை இரண்டு கைகளாலும் வாரி, செடியைச் சுற்றி அணை கட்டத் தொடங்கினார்.